செவ்வாய் வத்தல், புதன் அரிசி

செவ்வாய்க்கிழமை என்று ஒன்று வாரந்தோறும் வருகிறது என்பதை நான் கவனித்தது என் நாற்பத்திரண்டாவது வயதில்தான். அதற்கு முன்பும் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். எனக்கு அதனோடு காரியம் ஒன்றும் இருந்ததில்லை. லாரியில் கிளீனராகப் போன காலத்தில் ஊருக்குத்தான் பெயர், நாளுக்குப் பெயர் கிடையாது. எறணாகுளத்தில் பரோட்டா அடித்தபோது காலை, மாலை என்று இரண்டே பொழுதுகள். விழிஞ்ஞத்து ஐஸ் கம்பெனியில் இடது கைச் சுண்டுவிரலில் பாதியை விட்டுவிட்டு வந்தேன். எந்தக் கிழமை நடந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். தெரியவில்லை. விரல் போன துக்கத்தில் மறந்துவிட்டான் என்று எழுதிக்கொண்டார்கள். உண்மையில் விரல் இருந்தபோதும் தெரியாது.

பள்ளிக்கூடத்தை ஏழாம் வகுப்போடு விட்டேன். பாடம் வரவில்லை என்பதனால் அல்ல. மூன்றாவது பீரியட் தினமும் இரண்டாவதுக்குப் பிறகே வந்தது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்படிப்பட்டவனுக்கு மாவு மில் நடத்தக் கிடைத்தது. பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் வழியில், ஒரு பழைய மிஷன் சபைக் கோயிலுக்கு அடுத்த கட்டடம். மில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சருக்குச் சொந்தம். அவருடைய கணவர் இருந்தவரை அவரே நடத்தினார். அவர் போன பிறகு மூன்று பேர் எடுத்து நடத்தி, மூன்று பேரும் தோன்றினால் திறந்து தோன்றினால் பூட்டி, அரிசியோடு வந்த பெண்களை வேறு மில்லுக்கு விரட்டிவிட்டார்கள். நாலாவது ஆளாக என்னைக் கூட்டிப் போனது என் மனைவி. அவள் அண்டியாபீசில், அதாவது முந்திரிக்கொட்டைக் கம்பெனியில், பதினாறு வருடமாக ஒரே பலகையில் உட்கார்ந்து வேலை செய்கிறவள்.

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒனக்க மேல எனக்கு நம்பிக்கை ஒண்ணும் இல்ல, கேட்டியா. ஒனக்க பொண்டாட்டிக்க மேல உண்டு. அதுகொண்டாக்கும் தாறேன்."

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். கட்டம் கட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மேலே மலையாளத்திலும் கீழே தமிழிலுமாக எழுதிய டைம்டேபிள். முப்பது வருடத்துக்குப் பிறகு அது என்னைத் தேடி வந்து பிடித்துவிட்டது.

திங்கள் அரிசி. செவ்வாய் வத்தல், மல்லி, மஞ்சள். புதன் அரிசி. வியாழன் விடுமுறை, மிஷினுக்கு எண்ணெய். வெள்ளியும் சனியும் அரிசி. ஞாயிறு ஆராதனை. தினமும் காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை.

வத்தல் என்றால் எங்கள் பக்கம் காய்ந்த மிளகாய். பெரிய மில்லுகளில் அதற்குத் தனி மிஷின் இருக்கும். டீச்சரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. புட்டு மாவும் அதில்தான், மிளகாய்ப்பொடியும் அதில்தான். அதனால் நாளைப் பிரித்துத்தான் ஆகவேண்டும். "வத்தலுக்கு வெள்ளிக்கிழமை வச்சா என்ன டீச்சர், ஞாயிறு கறிக்குப் பொடி புதுசாட்டு இருக்குமில்லா" என்று ஒரு யோசனை சொல்லிப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை கோயில்ல உபவாச ஜெபம். மின்ன ஒருத்தன் வெள்ளிக்கிழமை வத்தல் பொடிச்சான். ஜெபிச்சவங்க மொத்தம் கண்ணீரோட இருந்தாவ. பாஸ்டர் ஆவி எறங்கி நல்ல எழுப்புதல்னு நெனச்சு ஒண்ணர மணிக்கூறு நீட்டிட்டாரு."

நிபந்தனை ஒன்றுதான். ஓணம் கழிந்து தொடங்க வேண்டும். கிறிஸ்துமஸ் வரை இந்த அட்டையில் உள்ளதிலிருந்து ஒரு நாளும் மாறக்கூடாது. மாறாமல் இருந்தால் மூன்று வருடத்துக்கு எழுதித் தருவார். மாறினால் மிஷினைக் கழற்றி விற்றுவிடுவார்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"இது பதினெட்டாவது வேலையாக்கும். பீசு கெட்ட முடியாம பிள்ள இப்பம் நாலாவது பள்ளிக்கூடத்துல படிக்கா. இதும் போச்சுதுன்னா நீங்க எங்க வேணும்னாலும் போங்க. நானும் பிள்ளையும் இஞ்சதான்."

முதல் திங்கள் நன்றாகப் போனது. செவ்வாயும் போனது, எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்த சாயக்கடைக்காரர் மட்டும் நாற்பது தடவை தும்மினார். மூன்றாம் நாள், புதன்கிழமை, ஏழு மணிக்கு மில்லைத் திறந்து பெல்ட்டை மாட்டி நின்றேன். ஒருத்தரும் வரவில்லை. ஆனால் ஆள் இல்லாமல் இல்லை. சாயக்கடை பெஞ்சில் நாலு பெண்கள், மதில் ஓரத்தில் மூன்று பேர், பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு பேர். எல்லோர் கையிலும் ஊறவைத்து வடித்த அரிசி. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாருங்க அக்கா" என்றேன்.

"நீ நடத்து மக்கா. எனக்குத் தெரக்கு ஒண்ணும் இல்ல. அவ வரட்டு மொதல்ல."

"அய்யோ, நான் பொறவு வாறேன். சேச்சி போகட்டு."

"எனக்க வீட்டுல கொச்சுப்பிள்ள உண்டு. எரிப்பு ஆகாது."

அப்போதுதான் விளங்கியது. எவ்வளவு துடைத்தாலும் மிஷினுக்குள் மிளகாய் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்து முதலில் விழுகிற அரிசிதான் அதை வழித்துக்கொண்டு வரும். முதல் இரண்டு கிலோ மாவு இளஞ்சிவப்பாக, புட்டு அவித்தால் கண் கலங்குகிற மாதிரி வரும். இரண்டாவது ஆளுக்குக் கொஞ்சம் மணம். மூன்றாவது ஆளிலிருந்து வெள்ளை. பாறசாலை பஸ்ஸில் ஏறும்போது முன்னால் நிற்பவர் முதுகில் முழங்கையை வைக்கிற பெண்கள், புதன்கிழமை காலையில் மட்டும் ஒருவருக்கொருவர் இவ்வளவு மரியாதை காட்டினார்கள்.

சாயக்கடைக்காரர் வாசலுக்கு வந்தார். "எலே மக்கா, மில்லு தொறந்திருக்கு. அரிசி வந்திருக்கு. கரண்டும் உண்டு. ஒண்ணும் ஓடல்ல. இதென்ன மில்லாக்கும்?"

பால் வாங்கத் தினமும் ஏழு மணிக்கு மில் வழியாகப் போகும் டீச்சர், திரும்பி வரும்போதும் அதே கோலத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு வீட்டுக்கு ஓடிப்போய் எங்கள் அரிசியில் இரண்டு கிலோ எடுத்து வந்து முதலில் போட்டேன். அதன் பிறகு ஒன்பது பெண்களும் ஒரே நேரத்தில் வந்தார்கள். வரிசை பிடிக்க அடிபிடி. அடுத்த புதனும் அப்படியே செய்தேன். அதற்கடுத்த புதனும். எங்கள் வீட்டில் வாரம் முழுவதும் சிவப்புப் புட்டு. மகள் முதல் வாரம் சீனி போட்டுத் தின்றாள், இரண்டாம் வாரம் தண்ணீரோடு தின்றாள், மூன்றாம் வாரம் பள்ளிக்கூடத்தில் போய் எங்கள் வீட்டில் அடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். மாவைக் கோழிக்குப் போட்டேன். கோழிகள் இரண்டு கொத்து கொத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தன.

நாலாவது புதனில் கடவுள் ஒரு ரப்பர் வெட்டுகாரரை அனுப்பினார். ஐம்பது வயதிருக்கும், தனியாக இருக்கிறவர். விடியும் முன் ரப்பர் மரங்களில் பாலுக்குப் பட்டை வெட்டி முடித்து, ஏழரைக்கு அந்த வழியாகப் போவார். எதிரே கூடியிருந்த கூட்டத்தையும் என்னையும் பார்த்துவிட்டு விவரம் கேட்டார். சொன்னேன். அவர் மிஷினுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்போ புட்டுக்குள்ளயே எரிப்பு உண்டும்னு சொல்லுதிய."

"உண்டு அண்ணே. நல்லாட்டு உண்டு."

"உப்பும் கொஞ்சம் போட்டா கறி வேண்டாம், இல்லியா?"

"வேண்டாம்."

"எனக்குக் கறி வைக்க மடியாக்கும்" என்று தன் சோம்பலை மறைக்காமல் சொல்லிவிட்டுப் போய், இரண்டு கிலோ அரிசியோடு வந்தார். அன்று முதல் புதன்கிழமை என்றால் ஏழரைக்கு அவர். அவர் தலை ரோட்டு வளைவில் தெரிந்ததும் சாயக்கடை பெஞ்சில் எல்லோரும் சேலையை உதறி எழுவார்கள். சபையில் பாஸ்டர் உள்ளே வரும்போதுகூட அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. மனிதர் அதைக் கண்டுகொண்டதாகவும் தெரியவில்லை. மாவை வாங்கிக்கொண்டு, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். "இன்னைக்குக் கொஞ்சம் கம்மியாக்கும்" என்பார். குற்றம் சொல்வதுபோல.

அக்டோபரில் ஒரு திங்கள்கிழமை ஹர்த்தால் வந்தது. எல்லாக் கடையும் அடைப்பு. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். முந்தின நாள் ஆராதனை முடிந்ததும் டீச்சரிடம் போய், நாளைக்கு லீவுதானே என்று கேட்டேன்.

"டைம்டேபிள்ல ஹர்த்தால்னு உண்டா?"

"இல்ல டீச்சர். ஆனா தொறந்தா கல்லெறிவான்."

"ஷட்டரைத் தொறக்கண்டாம். நீ உள்ள இரு."

ஏழு மணிக்கு ஷட்டரை முழங்கால் உயரம் தூக்கி, ஊர்ந்து உள்ளே போய், இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து மணி வரை. ஒரு பல்பு, ஒரு மிஷின், நான். பத்து மணிக்கு ஷட்டருக்கு அடியில் ஒரு கிளாஸ் சாயா உள்ளே நகர்ந்து வந்தது. வெளியே சாயக்கடைக்காரரின் குரல்: "ஜாமீன் கெடச்சா சொல்லு மக்கா. வந்து கையெழுத்துப் போடுதேன்."

இதெல்லாம் சிரிக்கிற விஷயங்கள். சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. வியாழன் விடுமுறையில் மிஷினுக்கு எண்ணெய் விட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். மீதி நாளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. பஸ் பிடித்துப் பனச்சமூட்டுக்குப் போவேன். அங்கே இரண்டு மாநிலத்து பஸ்களும் நின்று திரும்பும். ஒரு சாயா வாங்கிக்கொண்டு, பலகைகளை வாசித்துக்கொண்டு நிற்பேன். பசி வேறு, ஊர் மாறும் ஆசை வேறு என்று சொல்வார்கள். எனக்கு இரண்டும் வயிற்றில் ஒரே இடத்தில்தான் வரும். தின்ன எதுவும் இல்லாமல் கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டில் பதினொரு நாள் படுத்திருக்கிறேன். அது எனக்குப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. வருகிற புதனும் இதே மில்லில் என்பதுதான் கஷ்டமாகத் தெரிந்தது.

நவம்பரில், என்னோடு பழைய காலத்தில் லாரியில் போன டிரைவர் போன் செய்தான். கோவாவுக்கு லோடு, பத்தே நாள், கூட வா. புதன் காலை ஒன்பது மணிக்கு நெய்யாற்றின்கரையில் ஏறிக்கொள்ளலாம். நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு சட்டையும் ஒரு வேட்டியும் பையில் வைத்து, மில்லுக்குக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன். ஏழு மணிக்குத் திறந்ததாக டீச்சர் பார்க்கட்டும், எட்டு மணிக்கு அடைத்துவிட்டுப் போய்விடலாம் என்பது திட்டம்.

ஏழரைக்கு ரப்பர் வெட்டுகாரர் வந்தார். அரைத்தேன். அவருக்குப் பின்னால் ஒன்பது பேர் எழுந்து வந்தார்கள். ஒன்பது பேரையும் எப்படிப் போகச் சொல்வது? அரிசி ஊறியாகிவிட்டது. ஊறின அரிசியோடு ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினால் அவள் வீட்டில் அடுத்த நாள் காலைச் சாப்பாடு இல்லை. ஒன்பது பேரையும் முடிப்பதற்குள் இன்னும் ஐந்து பேர். கடைசி ஆள் போனபோது மணி ஒன்று. போனில் பன்னிரண்டு மிஸ்டு கால். லாரி அப்போது ஆலப்புழையைத் தாண்டியிருக்கும்.

பையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். மனைவி பையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"சட்டை அழுக்கா?" என்றாள்.

"இல்ல."

"அப்போ பெட்டியில வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போனாள். இன்றுவரை அதைப் பற்றி வேறொன்றும் கேட்டதில்லை.

கிறிஸ்துமஸ் அந்த வருடம் வியாழக்கிழமை வந்தது. அப்படியென்றால் பலகாரத்துக்கு மாவு இடிக்க வேண்டிய செவ்வாய் எனக்கு வத்தல் நாள். இரண்டு வாரம் முன்பே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை அரிசி இல்லை, திங்கள் வாருங்கள், அல்லது புதன். எல்லோரும் சரி என்றார்கள். கறிமசாலைக்கும் அதே வாரம்தான் என்பதால் அந்தச் செவ்வாயில் என் மில் கண்டிராத அளவு வத்தல் வந்தது. பதினோரு மணிக்கு மிஷினும் சிவப்பு, சுவரும் சிவப்பு, என் கண்ணும் சிவப்பு. அப்போது டீச்சர் வந்தார். கையில் ஒரு பெரிய பாத்திரம், மேலே ஈரத்துணி.

அவர் மகன் குடும்பத்தோடு வெளிநாட்டிலிருந்து நேற்று வந்துவிட்டானாம். அச்சப்பம், அதாவது அச்சுமுறுக்கு, வேண்டுமாம். அரிசி ஊறி வடிந்தாகிவிட்டது.

"மிஷினை நல்லாட்டு தொடச்சிட்டு இதைப் போடு மக்கா."

டீச்சர் என்னை மக்கா என்று அழைத்தது அதுவே முதல் தடவை. வத்தலோடு நின்ற பதினைந்து பெண்களும் தும்முவதை நிறுத்தினார்கள். எதிரே சாயக்கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

நான் அட்டையைப் பார்த்தேன். அதுவும் சிவந்துபோயிருந்தது. போட்டால், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்க டைம்டேபிளை மாற்றியவன் ஆவேன். போடாவிட்டால், மில்லின் சொந்தக்காரியை மில்லிலிருந்து திருப்பி அனுப்பியவன் ஆவேன். இரண்டில் எதற்கு மிஷினைக் கழற்றுவார் என்று தெரியவில்லை. பரீட்சை வைக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். பரீட்சையாகத் தெரியவில்லை. அச்சப்பம் வேண்டும் என்கிற முகமாகத்தான் தெரிந்தது.

"டீச்சர், இன்னைக்குச் செவ்வாய்."

"அது எனக்குத் தெரியும்."

"அரிசி நாளைக்காக்கும்."

"மில்லு ஆருக்குள்ளது?"

"மில்லு ஒங்களுக்குள்ளது. செவ்வாய்க்கிழமை எனக்குள்ளது. நீங்கதான் எழுதித் தந்திய."

என் வாயிலிருந்து இது எப்படி வந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை எனக்குச் சொந்தம் என்று நானே சொன்னேன். டீச்சர் ஈரத்துணியைச் சரிசெய்தார். "பிரிட்ஜில வச்சா நாளை வரை நிக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு பெண் மெதுவாக, "போச்சு, மிஷினும் போச்சு" என்றாள்.

மாலை வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி அப்பத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். "சரியாட்டுதான் சொல்லியிருக்கீங்க" என்றாள். பிறகு, "அந்தம்மா என்ன சொல்லுவாளோ" என்றாள்.

புதன்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். ஏழு மணிக்குத் திறந்தேன். எதிரே பெஞ்சிலும் மதிலிலும் ரோட்டோரத்திலுமாக முப்பது பேருக்குக் குறையாது. ஏழரை ஆயிற்று. வளைவைப் பார்த்தோம். ஏழே முக்கால். வளைவில் ஒரு நாய் வந்தது.

"ரப்பர் வெட்டுகாரரைக் காணல்லியே."

சாயக்கடைக்காரருக்குத்தான் விவரம் தெரிந்திருந்தது. "அவரு கோட்டுகாலுக்குப் போயாச்சு. தங்கச்சிக்க வீட்டுல கிறிஸ்துமஸ். அஞ்சு நாளு களிஞ்சுதான் வருவாரு."

மூன்று மாதமாக அவரை நம்பி, எங்கள் அரிசி என்று ஒன்று எடுத்துவைப்பதையே மறந்திருந்தேன். வீட்டில் இருந்த பச்சரிசியெல்லாம் முந்தின நாள் மாலையே அப்பமாவாகிவிட்டது. அதுவும் சாதாரண செவ்வாய்க்குப் பிறகு இரண்டு கிலோ போதும். இது வருடத்திலேயே பெரிய செவ்வாய்.

முப்பது பெண்கள், முப்பது பாத்திரம். கேட்க வேண்டியதில்லை, முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. கேட்டும் பார்த்தேன். ஒருத்திக்குப் பேரப்பிள்ளை, ஒருத்திக்கு வயிற்றுப்புண், ஒருத்தியின் மருமகன் முதல் கிறிஸ்துமஸுக்கு வருகிறான். எட்டு மணி ஆயிற்று. மில் ஓடவில்லை. திறந்து வைத்து ஓடாத மில் டைம்டேபிள்படி நடந்ததாகுமா ஆகாதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் வந்தார். அதே பாத்திரம், அதே துணி. கூட்டத்தைப் பார்த்தார், ஓடாத மிஷினைப் பார்த்தார்.

"என்னத்துக்கு நிக்கிய எல்லாரும்?"

வகுப்பில் பதில் தெரியாத பிள்ளைகள்போலத் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் நான்தான் சொன்னேன்.

"மொதல்ல அரைக்க ஆளில்ல டீச்சர்."

அவருக்குப் புரிந்தது. கணவர் நாற்பது வருடம் நடத்திய மில். புதன்கிழமை என்னவென்று அவருக்குத் தெரியாதா. அட்டையைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். அந்த அரிசி இன்னொரு மணி நேரம் தாங்காது என்று எனக்கும் அவருக்கும் தெரியும். லேசாகப் புளித்த மணம் வந்துகொண்டிருந்தது.

"மாறுங்க" என்று கூட்டத்தை விலக்கினார். "எனக்கது போடு."

"டீச்சர், எரிக்கும்."

"போடு."

போட்டேன். ஈர அரிசி துணிபோல மிஷினைத் துடைத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிவப்பில் நான் மாவு பார்த்ததில்லை. பஸ்ஸுக்குப் பெயின்டாக அடிக்கலாம். பாத்திரத்தை நீட்டியபோது டீச்சர் ஒரு தடவை தும்மினார். பிறகு நடந்து போனார். அவர் முதுகு வளைவில் மறைவதற்குள் முப்பது பேரும் மில்லுக்குள் இருந்தார்கள். ஐந்து மணி வரை நான் உட்காரவில்லை.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் டீச்சர் குடும்பம் எங்களுக்கு நாலு வரிசை முன்னால் இருந்தது. முகம் ஒன்றும் காட்டவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, பால் பாத்திரத்தோடு கூட ஒரு டின்னும் கையிலிருக்க, மில்லுக்கு வந்தார். டின்னில் அச்சப்பம். செம்பருத்திப் பூ நிறம்.

"தின்னு."

தின்றேன். முதலில் இனிப்பு. பிறகு காது வரை போயிற்று.

"எனக்க மவனுக்க பிள்ளைக வேற ஒண்ணும் தொடல்ல. இதை மட்டும் தின்னு தீத்திட்டு. போகும்போ கொண்டுபோக இன்னும் வேணுமாம்." அவர் குரலில் சந்தோஷம் இல்லை, புகார் இருந்தது. "அடுத்த புதன் மொத அரிசி எனக்கது. ஆருக்கும் குடுத்திராத."

"ரப்பர் வெட்டுகாரரு சண்டைக்கு வருவாரு டீச்சர்."

"அவரு ரெண்டாவது."

பிறகு கைப்பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்து மிஷின் மேல் வைத்தார். மூன்று வருடம். கீழே கையெழுத்துப் போட இடம் காட்டினார். அதோடு ஒரு புதிய அட்டை. பழையது சிவந்துபோய்விட்டதாம். அதே கட்டம், அதே கோடு. செவ்வாய் வத்தல், புதன் அரிசி.

கையெழுத்துப் போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் மூன்று வருடத்துக்கு எத்தனை செவ்வாய் என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். பாடம் வராமல் பள்ளிக்கூடத்தை விட்டவன் இல்லை என்று முன்பே சொன்னேன். நூற்றைம்பத்தாறு. அடுத்த வியாழன் பனச்சமூட்டுக்குப் போய், சாயா வாங்கிக்கொண்டு, எல்லா பஸ்ஸின் பலகையையும் வாசித்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.